தேர் மல்லாரியும் ஆயாவின் காதும்

அன்புள்ள மருமகளுக்கு,

ஆனித் தேரன்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி கிடைத்தது. தேர் வீதி முனையைத் திரும்பக்கூட இல்லை. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா, "தேர் நகர ஆரம்பிச்சிடுச்சு, மல்லாரி கேக்குது பாரு" என்றாராம். "ஆயா பாட்டு கிளாஸுக்கே போனதில்லை, சரளி வரிசைகூடத் தெரியாது, அப்புறம் எப்படி மாமா? அவங்க காது மட்டும் ஸ்பெஷலா?" என்று கேட்டிருக்கிறாய்.

காதில் ஒரு விசேஷமும் இல்லை. சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளுக்குள் எத்தனையோ வருஷமாகப் புழங்கிய மூளை செய்யும் வேலை அது. அதே வேலையை உன் மூளையும் செய்துகொண்டுதான் இருக்கிறது, நீ பிறப்பதற்குச் சில மாதம் முன்பிருந்தே. விளக்கம் வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் மல்லாரி. சாமி புறப்பாட்டின்போது நாகசுரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி அது. சாகித்தியம் கிடையாது, ராகம் பெரும்பாலும் கம்பீரநாட்டை. ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரங்கள். அதிலும் வகை உண்டு. திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேர் கிளம்பத் தேர் மல்லாரி. கோயிலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பலர், உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாயனத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். சினிமாப் பாட்டென்றால் பல்லவியின் முதல் வார்த்தை போதும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். மல்லாரியில் பிடித்துக்கொள்ள வார்த்தையே இல்லை. எந்தச் சுரத்துக்குப் பின் எது வருகிறது, எங்கே நிற்கிறது, தவில் எந்தக் கணக்கில் போகிறது, இவ்வளவுதான் தடயம். அந்த ராகத்தின் பெயர் ஆயாவுக்குத் தெரியாது. ஆளைத் தெரியும்.

இனி காது. காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, மூன்று சிற்றெலும்புகள் வழியாக உட்காதிலிருக்கும் காக்லியாவுக்குப் போகிறது; உன் உயிரியல் பாடப் புத்தகத்தில் படம் இருக்கும். இரண்டரைச் சுற்றுச் சுருண்ட அந்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. கீச்சென்ற ஒலிக்கு அதன் அடிப்பகுதி அதிகம் அசையும், கனத்த ஒலிக்கு நுனிப்பகுதி அசையும். இதை ஆராய்ந்து சொன்ன ஹங்கேரியர் கியோர்க் ஃபான் பெக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் மேல் வரிசையாக நிற்கும் உள்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 3,500 மட்டுமே. தபால் ஆபீஸில் பின்கோடு பார்த்துக் கடிதம் பிரிப்பதுபோல அவை ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்து, சுமார் 30,000 நரம்பிழைகள் வழியே மேலே அனுப்புகின்றன. அத்துடன் காதின் பொறுப்பு தீர்ந்தது. இது நாயனம், இது பஸ் ஹாரன், இது பக்கத்து வீட்டு மிக்ஸி என்று சொல்வதெல்லாம் மூளையின் பாடு.

அந்தப் பாடு எப்போது தொடங்குகிறது? உன் அக்காவுக்கு வளைகாப்பு நடந்தபோது, வளையல் சத்தம் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கேட்கும் என்று பெரியவர்கள் சொன்னது நினைவிருக்கும். பாதி சரி. ஆறு மாதம் தாண்டும் வாக்கில் கருவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் தாயின் உடலும் பனிக்குட நீரும் கணீரென்ற உச்ச ஒலிகளை வெகுவாக அமுக்கிவிடும். கண்ணாடி வளையலின் கிலுகிலுப்பு உள்ளே போய்ச் சேர்வது கொஞ்சம்தான். நன்றாகப் போய்ச் சேர்வது அம்மாவின் குரல், அதன் ஏற்ற இறக்கம், தாளம். 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பு வைத்துப் பார்த்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். அந்தப் பச்சைக் குழந்தைகள் அம்மா குரல் வரும்படி தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன.

குரலை அடையாளம் காண்பது சரி, பேச்சுக்குள்ளிருந்து சொல்லைப் பிரித்தெடுப்பது எப்படி? எழுதும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடுகிறோம். பேசும்போது விடுவதில்லை. "சிதம்பரம்போயிட்டுவந்தியா" என்பது ஒரே ஓட்டமாகத்தான் காதில் விழுகிறது. எங்கே வெட்டுவது என்று எட்டு மாதக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது எண்ணிப் பார்த்துக்கொள்கிறது என்று காட்டியது 1996-இல் வெளியான ஓர் ஆய்வு. ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் அர்த்தமே இல்லாத நான்கு சொற்களை உண்டாக்கினார்கள், ஒவ்வொன்றும் மூன்று அசை. அவற்றை முன்பின்னாகக் கலந்து, இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல், கம்ப்யூட்டரின் தட்டைக் குரலில் இரண்டே நிமிடம் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கவிட்டார்கள். பிறகு அதே சொற்களையும், அதே அசைகளை இடம் மாற்றிச் செய்த வேறு கோவைகளையும் தனித்தனியே போட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் புதிய கோவைகளையே அதிக நேரம் கவனித்தன. பழையது பழகிவிட்டது, புதியது புதிது என்று தெரிந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில்!

குழந்தை பிடித்துக்கொண்டது என்ன? நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள். "சிதம்" வந்தால் பின்னாலேயே "பரம்" வருகிறது, ஏறக்குறைய நிச்சயம். "பரம்" முடிந்தபின் எது வேண்டுமானாலும் வரலாம்: பஸ், கோயில், போகணும், டிக்கெட். அடுத்து வருவது நிச்சயமாக இருக்கும் இடமெல்லாம் சொல்லின் உள்பக்கம். நிச்சயம் சட்டென்று குறையும் இடம் சொல்லின் ஓரம். அந்த ஆய்வில் சொல்லுக்குள் அடுத்த அசை நூற்றுக்கு நூறு நிச்சயம், சொல் முடியும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவுப் பாடம் கசக்கிறது என்கிறாய். எட்டு மாதத்தில் நீ அதைச் சத்தமில்லாமல் போட்டுத் தள்ளியிருக்கிறாய்.

எண்ணும் மூளை இன்னொரு காரியமும் செய்கிறது: எல்லை போடுகிறது. தவளை, டம்ளர் இரண்டையும் சொல்லிப் பார். முதல் எழுத்தில் நாக்கு பல்லைத் தொடுகிறது, இரண்டாவதில் அண்ணத்தை நோக்கி மடிகிறது. நமக்கு இரண்டும் வேறு வேறு என்பதில் சந்தேகமே வராது. இங்கிலீஷ் மட்டும் பேசி வளர்ந்தவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியின் இதே ஜோடி ஒலிகளை வைத்துச் சோதித்தார்கள். இங்கிலீஷ் வீடுகளில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தை எளிதாகக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. காது மழுங்கவில்லை. "இந்த வீட்டில் இந்த வித்தியாசத்துக்கு வேலை இல்லை" என்று மூளை இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நாம் மட்டும் என்ன ஒசத்தி? இந்தியில் மூச்சு விட்டுச் சொல்லும் க-வும் மூச்சில்லாத க-வும் வேறு வேறு எழுத்து, பொருளையே மாற்றும். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவர் இரண்டையும் ஒரே க-வாகக் கேட்டுவிட்டு, தில்லிக்காரர் ஏன் சிரிக்கிறார் என்று விழிப்பார். அதே தில்லிக்காரரைக் கூப்பிட்டு மலை, மழை, மளமள என்று வரிசையாகச் சொல்லச் சொல். கணக்கு நேராகிவிடும்.

இந்தப் பெட்டிகள் பூட்டிச் சாவி தொலைந்தவை அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஐந்தில் வளையாதது" என்று தொடங்கி எதையும் கைவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். ஜப்பானியப் பெரியவர்களுக்கு இங்கிலீஷின் ர, ல இரண்டும் குழம்பும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1990-களில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ஒருவர் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள், புதிய குரலில் மறுபடி தடுமாறினார்கள். பலர் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் முன்பின் கேட்டிராத குரலிலும் சரியாகப் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தத் தேர்ச்சி போய்விடவில்லை. ஆயாவின் ரகசியத்தில் பாதி இதுதான். அவர் கேட்ட மல்லாரி ஒருவர் வாசித்தது அல்ல. எத்தனை தேர், எத்தனை நாயனக்காரர், எத்தனை சீவாளி! ஒருவர் வேகமாக ஓட்டுவார், ஒருவர் நிறுத்தி இழைப்பார், ஒரு வருஷம் மழை ஈரத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும். மாறுவதெல்லாம் மாற, எது மாறாமல் திரும்பத் திரும்ப வந்ததோ அதுவே மல்லாரி என்று மூளையில் தங்கியது. நீ யூடியூபில் ஒரே பதிவை நூறு தரம் கேட்டால் உனக்கு அந்தப் பதிவு தெரியும். ராகம் தெரியுமா என்பது வேறு கேள்வி.

யூடியூப் என்றதும் இன்னொன்று. 2003-இல் பெட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுபவர்களோடு 12 முறை விளையாடவிட்டார்கள். சீன ஒலிகளைப் பிரித்தறிவதில் அந்தக் குழந்தைகள் நன்றாகத் தேறின. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் என்று இன்னொரு கூட்டத்துக்குக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. அழும் கைக்குழந்தை முன்னால் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு "ரைம்ஸ் கத்துக்குது" என்று பெருமைப்படும் வீட்டாருக்கு இதைச் சொல்லிப் பார், நம்ப மாட்டார்கள்.

தாளத்துக்கு வருவோம். மிருதங்க வாத்தியார் வாத்தியத்தைத் தொடவே விடாமல் தகிட, தகதிமி என்று வாயால் சொல்லவைக்கிறார் என்று அலுத்துக்கொண்டாயே, அவர் செய்வது சரி. மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. அந்த ஏழு மிஸ்ர சாப்பு. வாயில் ஓடினால்தான் அடுத்த சமம் எப்போது வரும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். தாளம் தெரிவது என்றால் விழுந்த அடியைக் கேட்பது மட்டும் இல்லை. விழப்போகும் அடிக்காக உள்ளுக்குள் காத்திருப்பது.

இந்தக் காத்திருப்பு பிறவியிலேயே இருக்கிறது. 2009-இல் புடாபெஸ்ட்டில் இஸ்த்வான் விங்க்லர் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைகள் தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டி, ஒரு டிரம் நடையைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டார்கள். நடுவே எப்போதாவது ஓர் அடியை விட்டுவிடுவார்கள். முக்கியமில்லாத அடி விடுபட்டால் மூளை கண்டுகொள்ளவில்லை. தாளத்தின் முதல் அடி, நம் பாஷையில் சமம், விடுபட்டபோது தூங்கும் சிசுவின் மூளை அலையில் ஒரு துள்ளல் தெரிந்தது. ஒலிக்காத ஒன்றுக்குத் துள்ள வேண்டுமென்றால், அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் நடப்பதும் பேச்சுக்கு நடந்த கதைதான். பல்கேரியா, மாசிடோனியா பக்கம் ஏழு எண்ணிக்கையில் நொண்டி நடக்கும் நடனத் தாளங்கள் உண்டு. எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2005-இல் காட்டியபடி, வட அமெரிக்காவின் ஆறு மாதக் குழந்தை அந்தத் தாளத்தில் நேரும் பிசகைக் கண்டுபிடிக்கிறது, பெரியவர்களால் முடியவில்லை. ஒரு வயதாகும்போது குழந்தையும் பெரியவர்கள் கட்சியில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இரண்டு வாரம் அந்த இசையை வீட்டில் ஒலிக்கவிட்டால் ஒரு வயதுக் குழந்தை மீண்டும் பிடித்துக்கொள்கிறது. தேரும் திருவிழாவும் உள்ள ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தவிலின் ஏழும் ஐந்தும் தானாகக் காதில் விழுகின்றன; சிங்கப்பூர் அடுக்குமாடியில் வளரும் உன் சித்தப்பா பையனுக்கு யாராவது வேண்டுமென்றே கேட்கவைக்க வேண்டும்.

எதிர்பார்ப்பு பொய்க்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதை அளக்கவும் முடியும். ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டிருக்கும் சத்தத்தில் ஒன்று மட்டும் மாறினால், கால் வினாடிக்குள் மூளையின் மின்னலையில் ஒரு சரிவு வரும். ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானென் 1978-இல் இதை விவரித்தார். அழகு என்னவென்றால், கேட்பவர் அந்த ஒலியில் கவனம் வைத்திருக்கவே வேண்டாம், புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம். ஆயாவின் கண்ணும் கையும் கீரையில் இருந்தன. தெருவின் இரைச்சலை மூளை தன் பாட்டுக்குக் கணித்துக்கொண்டிருந்தது. அதில் சேராத ஒன்று, ஆனால் பழகிய ஒன்று வந்ததும் தட்டி எழுப்பியது.

சரி, ராகம். ஐந்து சுரமோ ஏழு சுரமோ, சுரப் பட்டியல் தெரிந்தால் ராகம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறாயா? ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள். இரண்டும் சங்கராபரணத்தின் ஜன்யம். ஆரோகணத்தில் ஐந்து சுரம், அவரோகணத்தில் ஏழு. காகிதத்தில் எழுதினால் அச்சு அசல் ஒன்றே. பாடினால் வேறு வேறு ஆள். ஆரபி சுறுசுறுப்பாக, நேராக நடக்கும். காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நின்று இழுக்காமல் தொட்டும் தொடாமலும் கடந்துவிடும். தேவகாந்தாரி நிதானமாக, அசைவுகளோடு, ரிஷபத்தில் சாய்ந்து சாய்ந்து போகும். பழகிய காது இரண்டு மூன்று பிடியில் சொல்லிவிடும். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எதற்கு அடுத்து எது, போகும் வழியில் எவ்வளவு அசைவு என்று மூளை ஒரே சமயத்தில் பல கணக்குகளை வைத்திருக்கிறது. சிதம், பரம் என்று அசை எண்ணிய அதே மூளைதான். அசைக்குப் பதில் சுரம்.

இதற்கும் சான்று உண்டு. 1984-இல் காஸ்டெல்லானோ, பரூச்சா, க்ரும்ஹான்ஸ்ல் மூவரும் வட இந்திய ராகங்களை, அவற்றைக் கேட்டே பழகாத மேல்நாட்டவருக்குப் போட்டுக் காட்டி, எந்தச் சுரம் பொருந்துகிறது என்று கேட்டார்கள். எந்தச் சுரம் அதிக நேரம் ஒலித்ததோ அதையே அவர்களும் முக்கியமானதாகச் சொன்னார்கள். ராகத்தின் பெயர் தெரியாது, வாதி சம்வாதி தெரியாது. கேட்கக் கேட்கக் கணக்கு ஏறிவிட்டது.

மூளைக்கு இந்தக் கணக்கைச் சுலபமாக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்: வாத்தியம் செய்கிறவர்கள். சாதாரண மேளத் தோலைத் தட்டினால் எழும் உப ஒலிகள் ஒன்றோடொன்று ஒழுங்கான விகிதத்தில் இருக்காது. அதனால் சுருதி கலங்கிக் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இருக்கும் கறுப்புக் கரணையை உற்றுப் பார். இரும்புச் சத்துள்ள கற்பொடியும் சோறும் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. அந்தக் கனம்தான் உப ஒலிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. 1920-இல் சர் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். முழு எண் விகிதத்தில் வரும் ஒலிக் கூட்டத்தை மூளை ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்கும். அடிப்படை ஒலியே இல்லாவிட்டால்கூடச் சேர்த்துக்கொள்ளும்! பழைய டெலிபோன் லைனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் போகாது. ஆண் குரலின் அடிப்படை 100, 120 வாக்கில்தான் இருக்கும். ஆனாலும் தாத்தா போனில் பேசியபோது கனத்த குரலாகவே கேட்டது. மேலே இருக்கும் விகிதத்தைப் பார்த்து, இல்லாத அடிப்படையை மூளை நிரப்பிக்கொண்டது. பெயர் தெரியாத யாரோ வாத்தியம் கட்டுகிறவர், எந்தச் சூத்திரமும் இல்லாமல், காதை மட்டும் வைத்துக் கரணை போட்டு இதைச் சாதித்திருக்கிறார். நோபல் பரிசைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

ஒலியின் ஒழுங்கை எழுத்தில் பிடிப்பது கடினம் என்பதற்கு நம் ஊரைவிட நல்ல சாட்சி கிடையாது. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் செல்லரித்த நிலையில் கண்டெடுத்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அதை எழுதியவராகக் கருதப்படும் உமாபதி சிவமும் சிதம்பரத்துக்காரர். ஏடு கிடைத்துவிட்டது, பண் எங்கே போய்த் தேடுவது? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்கள் என்கிறது புராணம். யாழ்ப்பாணரின் ஊர் திருஎருக்கத்தம்புலியூர், இன்றைய ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம், நம் மாவட்டமேதான். புராணத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எழுத்து ஏட்டில் இருக்கும், இசை ஆளிடம் இருக்கும் என்று கதை சொன்னவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இசைக் கல்லூரியும் உடன் இருந்தது. சபேசய்யரும் தஞ்சைப் பொன்னையா பிள்ளையும் அங்கே பாடம் சொன்னார்கள். கல்லூரி என்று பெயர் வைத்தாலும் பாடம் வாயிலிருந்து காதுக்குத்தான் போனது.

வேதம் ஓதுகிறவர்களின் முறையும் இதே ரகம். கனம் என்ற முறையில் சொற்களை 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னும் மடக்கிச் சொல்வார்கள். ஒரு சொல் நழுவினாலும் அடுத்த மடக்கில் காட்டிக்கொடுத்துவிடும். ஜேம்ஸ் ஹார்ட்செல் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் தில்லி வட்டாரத்து யஜுர்வேத பண்டிதர்கள் 21 பேரையும், அதே எண்ணிக்கையில் மற்றவர்களையும் ஸ்கேன் செய்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், மொழிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளில் பண்டிதர்களுக்குச் சாம்பல்நிறப் பொருள் கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். இதை வைத்து மந்திரத்துக்கு மகிமை பேசும் வீடியோக்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சிறு வயது முதல் தினமும் மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒலியை மனனம் செய்தவர்கள் அவர்கள். பயிற்சியால் மூளை மாறியதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் பயிற்சியில் நிலைத்தார்களா என்பதை ஒரு தடவை எடுத்த ஸ்கேன் பிரித்துச் சொல்லாது.

மூளை எவ்வளவு குறைந்த மூலதனத்தில் இந்த வேலையைச் செய்யும் என்பதற்குக் கடைசியாக ஒன்று. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் காக்லியர் இம்ப்ளான்ட் பொருத்துகிறார்கள். 3,500 மயிர்ச் செல்கள் செய்யும் வேலைக்கு, பெரிதும் பொருத்தப்படும் ஒரு வகைக் கருவியில் இருப்பது 22 மின்முனைகள். பேச்சு தெரிந்தபின் செவித்திறன் இழந்து இதைப் பொருத்திக்கொண்ட பெரியவர்கள், முதல் நாள் கேட்டது இயந்திரப் பொம்மை பேசுவதுபோல இருந்தது என்கிறார்கள். சில மாதத்தில் அதே 22 முனையிலிருந்து மனைவியின் குரலையும் மகளின் குரலையும் பிரித்துக் கேட்கிறார்கள். கருவி மாறவில்லை. குழந்தைகள் விஷயத்தில் காலம் முக்கியம். அனு ஷர்மா குழுவினர் 2002-இல் காட்டியது: மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் செவிப்புல மூளையின் துலங்கல் சில மாதங்களிலேயே மற்றக் குழந்தைகளை எட்டிவிடுகிறது, ஏழு வயதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே இதைச் செய்துகொள்ள முடியும். ஆபரேஷனோடு முடிவதில்லை, அதற்குப் பிறகு தினமும் பேசிப் பேசிக் கேட்கவைக்கும் பயிற்சிதான் பாதிக்கு மேல்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. சிவராத்திரிக்கு நம் ஊரில் நாட்டியாஞ்சலி நடன விழா வரும். 1981 முதல் நடக்கிறது. போய் மேடைக்கு முன்னால் உட்கார், ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே உட்காராதே. பெருஞ்சத்தத்தில் செத்த மயிர்ச் செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. இயர்போனுக்கும் இதே சட்டம்.

இரண்டாவது அவசரம். அக்கா குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிறது. பிறந்த ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்கச் சொல். ஒரு மாதத்துக்குள் சோதனை, குறை இருக்கலாம் என்றால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கை தட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. காற்றின் அசைவுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். சீட்டில் எதுவும் எழுதியிருக்காவிட்டால் இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சின்ன முனையை வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், வலிக்காது. முடிவு என்னவென்று எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா